பழைய மோட்டார் படகை மலிவாக வாங்கிச் சரிசெய்யலாமா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரை ஓரமாக மாலையில் நடந்தால் கவிழ்த்துப் போட்ட பழைய ஃபைபர் போட் ஒன்றாவது கண்ணில் படும். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால், "கொடுத்துடுவாங்க, வேணுமா?" என்பார்கள். விலை ஒரு பழைய பைக்கின் விலைதான் இருக்கும். அதைக் கேட்ட நிமிடமே மனசு படகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் அப்படித்தான் ஆனது. 22 அடி ஃபைபர் போட், பின்னால் பழைய ஓ.பி.எம்., அதாவது பின்பலகைக்கு வெளியே மாட்டும் இன்ஜின். அதைத் தண்ணீரில் இறக்க எனக்கு 14 மாதம் பிடித்தது. வாங்கிய விலையைப் போல இரண்டரை மடங்கு அதற்கு மேல் செலவானது. இன்றும் அந்தப் படகைத்தான் ஓட்டுகிறேன், மிகவும் பிரியமான படகு. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிச் சில இடங்களைத் தட்டிப் பார்த்திருந்தால் பாதி விலைக்கே கேட்டிருப்பேன். அந்த ஒரு காலைப் பொழுதை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

1. எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறீர்கள்?

படகைப் பார்க்கப் போவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். உப்பனாறு, கெடிலத்தின் கழிமுகம், புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு, இவையெல்லாம் அலை அடங்கிய தண்ணீர். இரண்டு பேர் தூண்டில் போட, குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போய்வர, 16 முதல் 20 அடிக்குள் ஒரு படகும் 10 குதிரைத்திறன் இன்ஜினும் தாராளமாகப் போதும்.

கடல் என்றால் கதை வேறு. கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அங்கே மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதன் மேல் அலை உடையும். அணியத்தை (படகின் முன்முனையை) அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போகும் வரை பயமில்லை. அந்த இடத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். அலை அடங்கிய கழியில் இன்ஜின் நின்றால் துடுப்புப் போட்டுக் கரை சேரலாம். முகத்துவாரத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. அதனால் என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன்: பழைய படகையும் பழைய இன்ஜினையும் சேர்த்து வாங்குகிறவர், முதல் ஒரு வருஷமாவது கழியைத் தாண்டக் கூடாது. கடலுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் படகு பழையதாக இருக்கட்டும், இன்ஜின் புதியதாக இருக்கட்டும்.

பிச்சாவரம் மனசில் இருந்தால் ஒரு விஷயம். அந்தச் சதுப்புக்காடு காப்புக்காடு. வனத்துறையில் அனுமதி கேட்காமல் சொந்தப் படகோடு உள்ளே போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

2. படகை எங்கே நிறுத்துவீர்கள்?

பலர் படகை வாங்கிய பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். மீனவர் ஊர்களில் கரை ஊருக்குச் சொந்தம் மாதிரி. எந்தப் படகு எங்கே நிற்கும் என்பதெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தின் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. வெளியாள் ஒருவர் திடீரென்று படகைக் கொண்டுவந்து நிறுத்தினால் தப்பாகத்தான் தெரியும். நான் முறைப்படி போய்க் கேட்டேன். ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, எடம் தர்றோம். வலை காயுற எடத்துல மட்டும் வெக்காதீங்க. பொயல் வந்தா நீங்களே ஆள் வெச்சு மேல ஏத்திக்கணும், அப்ப எங்களுக்கு எங்க படகப் பாக்கவே நேரம் பத்தாது." நியாயமான பேச்சு. அன்றைக்கே டிராக்டர் வாடகை எவ்வளவு, இழுக்க எத்தனை ஆள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டேன்.

வீட்டிலேயே வைக்கலாம் என்றால் தெருவின் அகலத்தை டேப் வைத்து அளங்கள். 22 அடிப் படகு டாடா ஏஸில் அடங்காது. லாரியோ டிராக்டர் டிரெய்லரோதான் வேண்டும். சந்தில் அது திரும்புமா? ரெசின் (கண்ணாடி இழையைப் பிடித்து இறுகும் பசை) வேலை நடக்கும் நாட்களில் வாடை தெரு முழுக்க அடிக்கும், கிரைண்டர் போட்டால் கண்ணாடி இழைத் தூசி பறக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேலையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காகிதம்

மீன்பிடிப் படகாக ஓடியிருந்தால் மீன்வளத் துறையின் பதிவு இருக்கும். பதிவு எண் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். தமிழ்நாடு என்றால் ஐ.என்.டி., டி.என். என்றும், புதுச்சேரி என்றால் ஐ.என்.டி., பி.ஒய். என்றும் தொடங்கும். எண்ணும் புத்தகமும் ஒத்துப்போகிறதா, விற்கிறவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரில் இருந்து, அப்பா இறந்துபோய், மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் விற்கிறார் என்றால் மற்ற இருவரின் கையெழுத்தும் வேண்டும். இன்ஜின் மானியத்தில் வாங்கியதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், விற்பதில் கட்டுப்பாடு உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்திலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தூரம் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நிர்வாகம் இரண்டு. வீராம்பட்டினத்தில் வாங்கித் தேவனாம்பட்டினத்தில் வைப்பது தெரு மாற்றுவது மாதிரி இல்லை, பதிவையும் மாற்ற வேண்டும். மீன்பிடிக்காமல் கழியில் சும்மா ஓட்டத்தான் என்றாலும், உள்நாட்டு நீர்வழியில் இன்ஜின் வைத்த படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

4. உடம்பைப் பார்ப்பது

முடிவு இங்கேதான் இருக்கிறது. இன்ஜினை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம். உடம்பு போனால் படகே போச்சு.

காலையில் போங்கள், படகு காய்ந்திருக்க வேண்டும். கையில் ஒரு ரூபாய் நாணயம், ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஸ்பேனர், ஒரு நோட்டு. படகு மணலில் பதிந்து கிடந்தால் கட்டை கொடுத்துத் தூக்கிவைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விற்பதற்காக அடித்த பெயின்ட் ஒட்டுப்போட்ட இடங்களை மறைத்துவிடும்.

முதலில் படகின் வயதைக் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் போட்டுகள் இந்தக் கரைக்கு வந்தன. நல்ல படகுகளும் உண்டு, அவசரத்தில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) அடுக்கைக் குறைத்துக் கட்டியவையும் உண்டு. அடுத்த கேள்வி: "தானேல அடிபட்டதா?" 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது படகுகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூக்கியெறியப்பட்டன. பிறகு 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். கரையில் இருக்கிறவர்கள் இதை மறைப்பதில்லை, கேட்டால் எந்தப் பக்கம் அடிபட்டது என்று கையை வைத்தே காட்டுவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இப்போது நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து பின்பலகை வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் "டக், டக்" என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும், உள்ளே பலகை அழுகிய இடத்திலும் "தொப்" என்று செத்த சத்தம் வரும். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். முடிந்ததும் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் வேலை செய்து மீட்கலாம். அடியில் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

அடியில் ஏராவை, அதாவது நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பை, தடவிப் பாருங்கள். நம் கரையில் படகை மணலில் இழுத்தே ஏற்றுகிறோம், வருஷக்கணக்கில் மணல் தேய்த்துத் தேய்த்து அங்கேதான் ஃபைபர் மெலிந்திருக்கும். இழை வெளியே தெரிகிறதா? ஏராவுக்குக் குறுக்கே விரிசல் ஓடுகிறதா? நீளவாட்டில் கீறல் என்றால் மணல், குறுக்கே விரிசல் என்றால் படகு எங்கோ முதுகொடிய விழுந்திருக்கிறது. அதை நான் வாங்க மாட்டேன். ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சில்) கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர் மாதிரிப் புளித்த வாடை அடித்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ரெசினைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து இருபது கொப்புளம் என்றால் சமாளிக்கலாம்.

அப்புறம் பின்பலகை. இன்ஜினின் முழு எடையையும் உந்துதலையும் தாங்குவது அதுதான். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். இன்ஜினை மாட்டிய போல்ட் ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினின் காலை (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை) பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், ஒருவர் பின்பலகையின் மேல் விளிம்பையே பார்க்கட்டும். நூல் அளவு அசைந்தாலும் உள்ளே அழுகல்தான். விற்கிறவரின் சம்மதத்தோடு கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்.

நான் வாங்குவதற்கு முன் இதைச் செய்யவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து போல்ட்டைக் கழற்றியபோது ஓட்டையிலிருந்து கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் ஒழுக ஆரம்பித்தது. நிற்கும் என்று பார்த்தேன், கால் சொம்பு சேர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன், தடையே இல்லாமல் கைப்பிடி வரை போய்விட்டது. வெளியே இழுத்தபோது முனையில் ஒட்டிக்கொண்டு வந்த பிளைவுட் ஊறவைத்த அவல் மாதிரி விரலில் பிய்ந்தது. சேற்று வாடை. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஆனால் பின்பலகை மட்டும் அழுகியிருந்தால் அது முடிவல்ல. வெளிப்பக்க ஃபைபரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்பக்கத்தை வெட்டியெடுத்து, அழுகலை முழுக்கச் சுரண்டி, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, ஓரங்களில் மேட் போட்டு மூட வேண்டும். பழைய ஃபைபரின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாக இழைத்தால்தான் புது மேட் பிடிக்கும். எனக்கு ஆறு வாரக் கடைசிகள் பிடித்தன. வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்தாலும் நாமே செய்தாலும் ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் அதில் தனித்தனியாகத்தான் கலக்க வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். வெவ்வேறு அலமாரியில் வையுங்கள்.

தளத்துக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் அடைத்திருந்தால், யாரும் கண்டுகொள்ளாத ஒரு மூலையில் சின்ன ஓட்டை போட்டுப் பாருங்கள். தண்ணீர் குடித்த ஃபோம் காயவே காயாது, தளத்தை உடைத்து மொத்தத்தையும் எடுக்க வேண்டும். பின்பலகை ஒன்று மட்டும் என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். பின்பலகையோடு தளமும் ஃபோமும் போயிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்பேன்.

5. இன்ஜின்

போவதற்கு முன் போனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்." சூடான இன்ஜின் எதையும் மறைக்கும். போனதும் கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியர் ஆயில். காலின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினால் எண்ணெய் வரும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றினால் போதுமா, கியரும் துருப்பிடித்துவிட்டதா என்பது திறந்தால்தான் தெரியும். அடுத்து பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கருவி) மாட்டிக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கும். கேஜ் இல்லாத மெக்கானிக்கைக் கூட்டிப்போகாதீர்கள்.

பிறகு ஒரு டிரம் தண்ணீரில் காலை இறக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். பின்னால் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுக்கும் சக்கரம்) ரப்பர் தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. புது இம்பெல்லர் போட்டும் வராமல் இன்ஜின் சூடேறினால் உள்வழியில் உப்பு அடைத்திருக்கிறது. கடலில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்த இன்ஜின் அது. "எப்பவாவது முழுகிச்சா?" என்றும் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் மூழ்கிய இன்ஜினை உடனே திறந்து கழுவவில்லை என்றால் பேரிங் துரு பிடித்து, சில மாதம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.

காலின் நீளமும் பின்பலகையின் உயரமும் பொருந்த வேண்டும். குட்டைக் கால் ஏறக்குறைய 15 அங்குலம், நீளக் கால் 20 அங்குலம். வேறு படகிலிருந்து கழற்றி மாட்டிய இன்ஜினாக இருந்தால் இங்கேதான் உதைக்கும்.

பெட்ரோல் இன்ஜின் என்றால் எத்தனாலையும் கணக்கில் எடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயாஃபிரத்தையும் அது இளக்கிவிடும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நெடுநாள் நின்ற படகில் எரிபொருள் வழி முழுவதையும் மாற்றும் செலவை இப்போதே எழுதிவிடுங்கள். படகோடு சேர்த்துக் கட்டிய ஃபைபர் டேங்க் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின் என்றால் சோதனை எளிது. புகையைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலம் நின்று வந்தால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாமலே கறுப்பு வந்தால் இன்ஜெக்டர். அதிர்வு அதிகம், அந்த அதிர்வைத் தாங்கிய பலகையைத் தட்டிப் பாருங்கள்.

ஜாம் ஆன இன்ஜினுக்கு என் கணக்கில் விலை பூஜ்யம். "சின்ன வேலைதான், ஓடும்" என்றால், ஓட்டிக் காட்டிய பிறகு அந்த விலையைப் பேசலாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

ஒயரிங்கைப் பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். பழைய ஒயரிங் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

6. கணக்கு

அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து உட்காருங்கள். ஒரு பக்கத்தில் தண்ணீரில் இறக்குவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியவை, அடுத்த பக்கத்தில் முதல் வருஷத்துக்குள் செய்ய வேண்டியவை. ரெசின், மேட், பிளைவுட் எல்லாரும் எழுதுவார்கள். மறப்பது இவற்றைத்தான்: லாரி வாடகை, தார்ப்பாய், கிரைண்டர் தகடு, மாஸ்க், நங்கூரமும் கயிறும், இரண்டு துடுப்பு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், பெயர் மாற்றும் செலவு. கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலின் 1093 இரண்டையும் படகின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். அதற்குச் செலவில்லை.

மொத்தத்தை ஒன்றரையால் பெருக்கி, படகின் விலையைக் கூட்டுங்கள். இன்றைக்குக் கரையில் ஓடிக்கொண்டிருக்கும், அதே அளவுள்ள படகு ஒன்றின் விலையை விசாரித்துப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் தொகை அதைத் தாண்டினால், ஓடும் படகையே வாங்குவதுதான் புத்தி. ஒரு விதிவிலக்கு உண்டு: கிரைண்டர் தூசியோடு சனிக்கிழமை கழிவதே சந்தோஷம் என்கிறவர் நீங்கள் என்றால் வாங்குங்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. என் கூடப் பாதிப் பணம் போட்ட நண்பனுக்குப் படகு ஓட்டத்தான் ஆசை. மூன்றாவது மாதமே அவன் வருவது நின்றுவிட்டது. இருவர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் இதை முதலிலேயே மனசுவிட்டுப் பேசுங்கள்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெசின் வேலை செய்ய முடியாது, ஈரத்தில் பிடிக்காது. பொங்கல் கழிந்து தொடங்கினால் புரட்டாசிக்குள் முடிக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் மளமளவென்று இறுகிவிடும், ஹார்டனரைக் குறைத்துக் காலை ஏழு மணிக்கே ஆரம்பியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் எல்லாப் பெரிய படகும் பழுதுபார்ப்புக்கு ஏறும், ஃபைபர் மேஸ்திரியும் மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்கள். அவர்களிடம் மாசி மாதமே சொல்லிவையுங்கள்.

7. விலை பேசுவதும் தண்ணீரில் பார்ப்பதும்

சாக்பீஸ் வட்டங்களையும் நோட்டையும் விற்கிறவரிடம் காட்டியே பேசுங்கள். அந்தப் படகு ஒரு குடும்பத்துக்கு இருபது வருஷம் சோறு போட்டிருக்கும், "ஓட்டைப் படகு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பின்பலகை மாத்தணும்ணே, அதுக்கு இவ்ளோ ஆகும், அதக் கழிச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் அது தெரிந்த விஷயம்தான். அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீரில் பார்த்த பிறகே மீதி என்று ஒரு தாளில் எழுதி, ஊர்க்காரர் இருவரைச் சாட்சி வையுங்கள்.

மிதக்கிற நிலையில் இருக்கும் படகு என்றால் உப்பனாற்றில் ஒரு மணி நேரம் கேளுங்கள். முதலில் உள்ளே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அரை மணி ஓட்டுங்கள், முழு வேகத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள், பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு தளப்பலகையைத் தூக்கி டார்ச் அடியுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் சேர்ந்திருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி விலையை இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். வாளிக் கணக்கில் நின்றால் கரைக்கு வந்ததும் சாட்சிகள் இருக்கும்போதே அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.